பிரஷரை இறக்கிறது குசினி வேலை இல்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதென்றாலும் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நல்லூரில் இருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டோவில் பத்து நிமிடம். நெடுந்தீவில் ஒருவருக்கு இரவில் வருத்தம் வந்தால் நடுவில் கடல் கிடக்கிறது. எங்களுக்கு நடுவில் கிடப்பது ஒரு வசனம் மட்டும்தான்: "விடியட்டும், பாப்பம்."

இரவு பத்து மணி. வீட்டில் வயதான ஒருவருக்குப் பிடரி வெடிக்கிற மாதிரித் தலையிடி. இரண்டு தரம் சத்தி. கண் மங்குகிறது என்கிறார். கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் பதில் சொல்கிறார். அந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் குசினிக்குள் ஓடித் தேசிக்காய் வெட்டுவார். ஒருவர் தலையில் தண்ணீர் வார்க்கச் சொல்வார். பக்கத்து வீட்டு அன்ரி தன்னுடைய கிளினிக் குளிசையில் ஒன்றைக் கொண்டு வந்து, "இதை நாக்குக்குக் கீழ வையுங்கோ, எனக்கு டக்கெண்டு இறங்கினது" என்பார். கனடாவில் இருக்கிற மகன் வட்ஸ்அப்பில் நின்று, "இப்ப எவ்வளவு? இப்ப எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் கையில் பட்டி கட்டி மெஷினை அமத்துவார்கள். விடியும்போது வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும். அப்போதுதான் ஓட்டோ வரும். பிறகு செத்தவீட்டிலோ, படுக்கையில் கிடக்கிறவரைப் பார்க்கப் போன வீட்டிலோ இருந்துகொண்டு, "எல்லாம் விதி" என்று தேத்தண்ணி குடிப்போம்.

இது விதி இல்லை. இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது, அதுவும் இந்த நாட்டில் இலவசமாக இருக்கிறது. நாங்கள் வைத்தியர்கள் இல்லை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள். ஆனால் குழாய்க்குள் தண்ணீர் எப்படி ஓடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற எங்களுக்கு, குருதிக் குழாய்க்குள் நடப்பதை விளங்கிக்கொள்வது அவ்வளவு கஷ்டம் இல்லை. உங்களுக்கும் கஷ்டம் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். எங்கள் சனம் இலக்கத்துக்குப் பயப்படுகிறது, வருத்தத்துக்குப் பயப்படுவதில்லை. மெஷினில் 190 என்று விழுந்தால் வீடே அலறும். அதே மனிதருக்கு மூச்சு முட்டி, படுக்க முடியாமல், எழும்பி இருந்து இளைத்தால் "வாய்வு" என்று இஞ்சி குடிப்பார்கள். எல்லாம் தலைகீழ்.

மேல் இலக்கம் 180ஐயோ கீழ் இலக்கம் 120ஐயோ தாண்டினால் அது கடுமையான உயர் குருதியமுக்கம். அது மட்டும் இருந்தால் இன்னும் "அவசர நிலை" ஆகவில்லை. அந்த அமுக்கம் அந்த நேரத்திலேயே ஓர் உறுப்பை உடைத்துக்கொண்டிருந்தால்தான் அது அவசர நிலை. உடைபடுவது மூளையாக இருக்கலாம், நெஞ்சாக இருக்கலாம், சிறுநீரகமாக, கண்ணின் விழித்திரையாக, நெஞ்சில் இருந்து இறங்கி வருகிற பெருநாடியாக இருக்கலாம். உடைகிறது என்பதை உடம்பே சொல்லும். இதுவரை வராத மாதிரி ஒரு தலையிடி, சத்தி, தடுமாற்றமான பேச்சு, அரை மயக்கம், வலிப்பு. முகம் கோணுதல், ஒரு கை விழுதல், நாக்குக் குழறுதல். நெஞ்சு நோ. படுத்தால் மூச்சு முட்டுதல். பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல். முதுகுப் பக்கமாகக் கிழிக்கிற மாதிரி ஒரு நோ. சலம் திடீரென்று குறைந்துபோதல், அல்லது இரத்தம் கலந்து போதல். உயர்ந்த அமுக்கத்தோடு இதில் ஒன்று இருந்தாலும் அந்த வீட்டில் இனி யாரும் மெஷினைத் தொட வேண்டாம். தொலைபேசியைத் தொடுங்கள். வீட்டில் மெஷினே இல்லையென்றாலும் இந்த அறிகுறிகள் போதும். இலக்கம் தெரிந்த பிறகுதான் அம்புலன்சைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

மறுபக்கம், அறிகுறி எதுவும் இல்லாமல் இலக்கம் மட்டும் ஏறியிருக்கிறவர்களைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் கிளீவ்லன்ட் கிளினிக்கின் வெளிக் கிளினிக்குகளுக்கு 180/110க்கு மேற்பட்ட அமுக்கத்தோடு, ஆனால் உறுப்புப் பாதிப்பின் அடையாளம் இல்லாமல் வந்த 58,000க்கு மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்த ஏழு நாளுக்குள் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை வந்தது ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான். அப்படியானவர்களுக்குத் தேவை பதற்றம் இல்லை. ஐந்து நிமிடம் கதிரையில் முதுகைச் சாய்த்து, கால் நிலத்தில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, கதைக்காமல் இருந்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். (எங்கள் வீடுகளில் பிரஷர் பார்க்கிற நேரம்தான் குடும்பச் சண்டை முழுக்கப் பேசப்படும். அதுவே பத்துப் புள்ளியை ஏற்றும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினாலும் பொய்யாக ஏறும்.) பிறகும் அப்படியே நின்றால் அன்றைக்கோ அடுத்த நாளோ வைத்தியரிடம் போய் மருந்தை ஒழுங்குபடுத்த வேண்டும். அவ்வளவுதான். ஒரே இரவில் இறக்கிக் காட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த நாக்குக்குக் கீழ் வைக்கிற குளிசைக்கு வருவோம். எங்களுக்கு அதிகம் கோபம் வருகிற இடம் இதுதான்.

இது அன்ரி கண்டுபிடித்த வைத்தியம் இல்லை. ஒரு காலத்தில் வைத்தியர்களே செய்தது. நிஃபெடிப்பின் என்ற மருந்தின் கூட்டுக் குளிசையில் ஊசியால் ஓட்டை போட்டு நாக்குக்குக் கீழ் விடுவார்கள். பத்து நிமிடத்தில் இலக்கம் சரசரவென்று இறங்கும். எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் இலக்கம் இறங்கிய பிறகு நடந்ததை எண்ணிப் பார்த்தபோதுதான் விசயம் வெளியே வந்தது: பாரிசவாதம், மாரடைப்பு, மரணம். 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில், இந்தப் பழக்கத்தையே நிறுத்த வேண்டும் என்று வைத்தியர்கள் எழுதினார்கள். உலகம் கைவிட்டு முப்பது வருடமாகப் போகிறது. எங்கள் ஒழுங்கைகளில் இன்னும் நடக்கிறது. போதாததற்கு, மெல்ல மெல்லக் கரைவதற்கென்று செய்த குளிசையையும் "கடிச்சு விழுங்குங்கோ" என்று கொடுக்கிறார்கள். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிரித்துப் போக வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும்.

ஏன் ஆபத்து என்று கேட்கிறீர்களா? வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். வருடக்கணக்காக உயர்ந்த அமுக்கத்தில் ஓடிப் பழகிய உடம்பில் மூளைக்குப் போகிற சின்ன நாடிகள் தடித்து, இறுகி, அந்த உயரத்துக்கே தங்களைச் சரிப்படுத்தி வைத்திருக்கும். திடீரென்று அமுக்கத்தைப் பாதியாக்கினால் கீழ் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும், மேல்மாடிக் குழாயில் வராது. உடம்பில் மேல்மாடி மூளை. அதிலும் அடைப்பால் பாரிசவாதம் வந்திருக்கிற ஒருவருக்கு, அடைபட்ட இடத்தைச் சுற்றி அரைஉயிரில் கிடக்கிற மூளைப் பகுதிக்கு அந்த உயர்ந்த அமுக்கம்தான் கொஞ்சக் குருதியைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால்தான் அடைப்பு என்று தெரிந்தால், கட்டியைக் கரைக்கிற ஊசி போடுகிற நோக்கம் இல்லாதபோது, 220/120க்கு மேல் போகாத வரைக்கும் வைத்தியர்கள் பொதுவாக அதைத் தொடமாட்டார்கள். ஊசி போடுவதென்றால் முதலில் 185/110க்குக் கீழே கொண்டு வருவார்கள். மூளையில் குருதி கசிந்திருந்தால் கணக்கு வேறு. பெருநாடி கிழிந்திருந்தால் அதுவும் வேறு, அங்கே மட்டும் மிக விரைவாக 120க்குக் கீழே இறக்கப் பார்ப்பார்கள். அடைப்பா கசிவா என்பது ஸ்கான் எடுக்காமல் பேராசிரியருக்கும் தெரியாது. குசினிக்குள் நிற்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்? "எதுக்கும் ஒரு அஸ்பிரின் குடுத்து விடுவம்" என்கிறவர்களும் இதை வாசியுங்கள். கசிவாக இருந்தால் அந்த ஒன்றே போதும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்? ஈசீஜி எடுப்பார்கள், சலமும் குருதியும் சோதிப்பார்கள், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து விழித்திரையைப் பார்ப்பார்கள், தேவையென்றால் ஸ்கான். பிறகு நாளத்தின் வழியாக, லபெட்டலோல் மாதிரி, கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு மருந்தைக் கண்காணித்துக்கொண்டே ஏற்றுவார்கள். பொதுவான விதி இது: முதல் மணித்தியாலத்தில் கால் பங்குக்கு மேல் இறக்கக் கூடாது. அடுத்த இரண்டில் இருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் 160/100 அளவுக்கு. மிச்சம் ஒன்றிரண்டு நாளில். ஆகவே வாட்டில் நின்றுகொண்டு, "வந்து நாலு மணித்தியாலமாச்சு, இன்னும் 165லதான் நிக்குது, ஒண்டும் செய்யினமில்லை" என்று தாதியோடு சண்டை பிடிக்கிறவர்களுக்கு ஒரு சொல்: அவர்கள் செய்துகொண்டிருப்பதே அதுதான். இறங்காமல் நிற்பது இல்லை, இறங்க விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு இருக்கிற காலம் அறிகுறி தொடங்கியதில் இருந்து நாலரை மணித்தியாலம். இரவு பத்துக்குத் தொடங்கியது என்றால் இரண்டரையோடு சரி. "விடியட்டும்" என்ற வசனம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சரி, இந்த நிலைக்கு ஆட்கள் எப்படி வருகிறார்கள்? பெரும்பாலும் புதிதாக வந்த வருத்தத்தால் இல்லை. ஏற்கனவே கிளினிக் கொப்பி இருக்கிறவர், குளிசையை விட்டதால். 1944 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைச் சோதித்த இருதய வைத்தியர் 186/108 கண்டார். அந்தக் காலத்தில் கொடுக்க உருப்படியான குளிசை இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று கதிரையில் இருந்தபடி தலையின் பின்பக்கம் தாங்க முடியாத நோ என்றார். சற்று நேரத்தில் அளந்தபோது 300/190. அன்றைக்கே முடிந்துவிட்டார். உலக யுத்தத்தை நடத்தியவருக்குக் கிடைக்காத குளிசை எங்கள் வீட்டு ரின்னுக்குள் இருக்கிறது. சம்பலுக்கு மேலே அலுமாரித் தட்டில், திறக்காமல்.

"எனக்கு ஒண்டும் செய்யேல்லை, ஏன் போடுவான்?" என்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதே அந்தக் குளிசையின் வேலை. நோன்பு வந்தால் நம் ஆட்கள் மருந்தை முழுக்க விட்டுவிடுகிறார்கள். கந்தசஷ்டி வந்தால் அயலில் விரதகாரரும் அதையே செய்கிறார்கள். ஆறு நாள் தண்ணீரோடு இருக்கிறவர்களும் உண்டு. சஹருக்கும் இப்தாருக்கும் பொருந்துகிற மாதிரி மாற்றித் தரச் சொல்லி நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் கேட்கலாம். அநேகமானவருக்கு மாற்றித் தர முடியும், முடியாதவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. சில மருந்துகளை, குளோனிடின், அற்றெனலோல் போன்றவற்றை, திடீரென்று நிறுத்தினால் அமுக்கம் முன்பு இருந்ததை விட மேலே பாயும். மூட்டு நோவுக்கென்று பாமசியில் துண்டு இல்லாமல் வாங்கிப் போடுகிற டைக்குளோஃபெனக் அமுக்கத்தை ஏற்றும். இருமலுக்கு நல்லது என்று நாள்தோறும் அவிக்கிற அதிமதுரமும் ஏற்றும். கருவாட்டையும் ஊறுகாயையும் பற்றி நாங்கள் சொல்லி நீங்கள் கேட்கப் போவதில்லை, ஆகவே விடுகிறோம்.

இதில் நியாயமான காரணமும் ஒன்று இருக்கிறது. கிளினிக் நாள் என்றால் விடியக் காலமை போய் வரிசையில் நின்று, பின்னேரம் வீடு வருவது. கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். 2022இல் எண்ணெயும் இல்லை, மருந்தும் இல்லை என்று அலைந்த காலத்தில் ஒரு குளிசையை இரண்டாக உடைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் காலம் போய், அந்தப் பழக்கம் மட்டும் நிற்கிறது. இந்த நாட்டிலேயே செய்த வேலைகள் இருக்கின்றன. மூன்று மருந்தைச் சிறிய அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்து இலங்கையின் ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானவர்களுக்கு அமுக்கம் கட்டுக்குள் வந்தது, வழமையான வைத்தியத்தில் 55 வீதம். 2018இல் வெளிவந்தது. இன்னொன்று 2020இல் வந்தது: இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவரைக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் மற்றக் கிராமங்களை விட மேல் அமுக்கம் ஐந்து புள்ளி அதிகமாகக் குறைந்தது. எங்கள் சனத்தின் உடம்பில் உலகம் படித்த பாடம் எங்கள் ஒழுங்கைக்கு ஏன் வரவில்லை என்று தேர்தல் நேரம் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். வீதி விளக்கு மட்டும் கேட்காதீர்கள்.

கர்ப்பிணிகள் கதை தனி. அவர்களுக்கு 180 வரைக்கும் காத்திருக்கிற பேச்சே இல்லை. 140/90 என்றாலே கவனம், 160/110 என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து போக வேண்டும். தலையிடி, கண்ணுக்குள் மின்னுதல், மேல் வயிற்று நோ, முகமும் கையும் திடீரென்று வீங்குதல் எல்லாம் "பிள்ளைத்தாச்சிக்கு வாறதுதானே" என்று மாமிமார் ஒதுக்குகிற விசயம் இல்லை. அடுத்தது வலிப்பாக இருக்கலாம். மக்னீசியம் சல்பேற்று ஊசி அந்த வலிப்பு வருகிற வாய்ப்பைப் பாதியாக்கும் என்று 10,000 பெண்களை வைத்து 2002இல் நிரூபித்தாயிற்று. அந்த ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. இன்னொன்று: பிள்ளை பிறந்ததோடு ஆபத்து முடிவதில்லை. பிறந்து ஆறு கிழமை வரைக்கும் வரலாம். நாற்பது நாள் வெளியே போகக்கூடாது, துடக்கு என்று அறைக்குள் பூட்டி வைக்கிற உம்மாமாரும் அம்மாமாரும், அந்தப் பிள்ளை தலையிடி என்றால் நாள் எண்ணாமல் வெளியே கொண்டு போங்கள்.

அம்புலன்சின் இலக்கம் 1990. எங்கள் ஆட்களுக்கு இந்த இலக்கத்தைக் கேட்டால் வேறு ஒரு ஒக்டோபர் மாதம்தான் நினைவுக்கு வரும். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போனவர்களுக்கு அந்த இலக்கத்தைத் தொலைபேசியில் அமத்தக் கை கூசுகிறது என்று ஒரு மூத்தம்மா சொன்னார். பகிடிக்குத்தான் சொன்னார், ஆனால் முழுப் பகிடி இல்லை. சுவசெரிய சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, 2018 ஜூலையில் யாழ்ப்பாணம் வந்தது. காசு இல்லை. யார் எவர் என்று கேட்பதும் இல்லை. கூசாமல் அமத்துங்கள்.

வரும்வரைக்கும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூச்சு முட்டுகிறவரை நிமிர்த்தி இருத்துங்கள், படுக்க வைக்காதீர்கள். மயக்கம் அல்லது வலிப்பு என்றால் ஒரு பக்கம் சரித்து விடுங்கள், வாய்க்குள் கரண்டியோ சாவியோ வைக்காதீர்கள். பேச்சுக் குழறுகிறவருக்குத் தண்ணீர்கூட வேண்டாம், மூச்சுக் குழாய்க்குள் போகும். கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தார் என்பதை ஒரு துண்டில் எழுதுங்கள், ஊசி போடுவதா இல்லையா என்பது அந்த நேரத்தைப் பொறுத்தது. கிளினிக் கொப்பியையும் வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போடுங்கள், விட்ட குளிசை எது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அங்கே யாரும் பிரம்பு வைத்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் செருகிக்கொண்டு போகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

கீழே உள்ளி, முருங்கையிலை, வெந்தயம் என்று எழுத வருகிறவர்களுக்கு: சாப்பாட்டில் சேருங்கள், நல்லது. நாங்கள் பேசுவது பிடரி வெடிக்கிற இரவைப் பற்றி. அந்த இரவில் உள்ளி உரிக்கிற பத்து நிமிடத்துக்குள் பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போய்விடலாம்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், சனசமூக நிலையங்களுக்கும், திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுகிற தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். கைப்பட்டி மெஷின் ஒன்று, பெரிய பட்டியும் சின்னப் பட்டியுமாக, வாங்கி வையுங்கள். மணிக்கட்டில் கட்டுகிறதை வாங்காதீர்கள். மாதத்தில் ஒரு நாள் ஓய்வுபெற்ற தாதி ஒருவரைக் கூப்பிட்டு 35 வயது தாண்டிய எல்லாரையும் அளக்கச் செய்யுங்கள்.

நாங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் தொடங்கியிருக்கிறோம். 1990ஐ அமத்தி, வீதியின் பெயர், பக்கத்துச் சந்தி, வீட்டுக்கு முன்னால் இருக்கிற அடையாளம், நோயாளியின் வயது, தொடங்கிய நேரம் என்று ஐந்து விசயத்தை அரை நிமிடத்தில் சொல்லிப் பழகுகிறார்கள். எங்கள் ஒழுங்கைகளில் பாதிக்குப் பெயர்ப்பலகை இல்லாததால் ஆறாவது விசயம் ஒன்றும் இருக்கிறது: சொல்லி முடித்தவுடன் ரோர்ச் லைற்றோடு ஒழுங்கை முகப்பில் போய் நிற்பது.